கடலைப் பக்கம் மாற்றி வைத்த கோச்சிப் பாதை

காக்கா,

இன்று அசர் தொழுகைக்குச் சற்று முன்னர் கல்முனைக் கடைத்தெருவில் வானொலி திருத்தும் கடையொன்றைக் கடந்து போனேன். உள்ளேயிருந்து ஈயம் உருகும் வாசனை வந்தது. குங்கிலியம் கருகி, அதோடு சூடான தகரமும் சேர்ந்த வாசனை. கால் தானாக நின்றுவிட்டது. கடைக்காரர் தலையை நிமிர்த்தி, "என்ன ஹாஜியார், றேடியோவா?" என்று கேட்டார். "இல்ல தம்பி, சும்மா நிக்கிறன்" என்றேன். ஒரு மனிதன் சும்மா நின்றால் நம் ஊரில் யாரும் நம்புவதில்லை. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நீங்கள் இருந்திருந்தால் கடைக்குள்ளேயே போய், "சூடு கூடிப் போச்சி, ஈயத்த எரிக்கியள்" என்று அவருக்குத் தொழில் படிப்பித்திருப்பீர்கள். நான் வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மூத்தவ ராத்தாவை நீங்கள் கலியாணம் முடித்தீர்கள். அவவுடைய தங்கையை நான் முடித்தேன்; அப்படித்தான் நீங்கள் எனக்கு அண்ணன் முறையில் காக்கா ஆனீர்கள். சாய்ந்தமருதில் ஒரே வளவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் என்பவன் நாலு சாரனையும் இரண்டு சேட்டையும் மடித்து எடுத்துக்கொண்டு வந்து சேர்கிறவன். நான் மருதமுனையிலிருந்து வந்தேன். அது வந்தது என்றே கணக்கில்லை. உம்மா சமைத்த ஆணத்தைச் சூடு ஆறுமுன் கொண்டுவந்து தந்துவிடலாம். நீங்கள் ஏறாவூரிலிருந்து வந்தீர்கள். ஏறாவூரில் தண்டவாளம் இருக்கிறது, கோச்சி ஓடுகிறது. சாய்ந்தமருதில் ஓடவில்லை. உங்கள் வாழ்க்கையின் துக்கமே அந்த ஒரு வித்தியாசம்தான் என்று நான் பகிடியாகச் சொல்வேன். அது பகிடி இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

மட்டக்களப்புப் பாதையில் பாயின்ஸ் போடுகிற வேலையில் பத்து வருசம் இருந்தீர்கள். கோச்சி எந்தத் தண்டவாளத்தில் திரும்ப வேண்டும் என்று நெம்புகோலை இழுத்துத் தடத்தை மாற்றி விடுகிற ஆள். மாமாவின் நெல் வியாபாரத்தைப் பார்க்க வீட்டில் ஆண்பிள்ளை இல்லை என்று வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தீர்கள். வந்த புதிதில் விடியச் சுபஹ் பாங்குக்கு முன்னமே எழுந்து உட்கார்ந்து, "கோச்சி பிந்திப் போச்சி" என்பீர்களாம். ராத்தா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.

அந்தச் சிரிப்பில் ஒருநாள் நீங்கள் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி விரித்தீர்கள். கீலம் கீலமாக வெட்டி, மடித்து, தட்டி, ஈயம் உருக்கி ஒட்டி, ஒரு சாண் தண்டவாளம் செய்தீர்கள். நான் போய்ப் பார்த்தேன். கீழே வைத்த சிலிப்பர் கட்டைகள் ஒன்றுக்கொன்று இடைவெளி சரியில்லாமல் கிடந்தன. எனக்கு அது பிடிக்கவில்லை. நெசவுக்காரனுக்கு இடைவெளி பிசகினால் பல் கூசும். தறியில் நூலை ஒழுங்காகப் பிடிக்கிற பழைய அச்சு ஒன்றைக் கொண்டுவந்து, அதன் பற்களை எண்ணி எண்ணிக் கட்டைகளை அடுக்கித் தந்தேன். "தம்பி, ஒனக்குக் கை இரிக்கி" என்றீர்கள். அந்த ஒரு சொல்லுக்காக ஐந்து வருசம் உங்களோடு முழங்காலில் கிடந்தேன்.

கொழும்பிலிருந்து சாவி கொடுக்கிற ஒரு பச்சை எஞ்சினை வரவழைத்தீர்கள். பெட்டிகளை நாமே பிஸ்கட் பேணித் தகரத்தில் செய்தோம். உங்கள் முன்னறையில் மேற்குச் சுவரோடு ஒட்டி, தெற்கு வடக்காகப் பதினான்கு அடிக்குப் பலகை மேசை. அதன்மேல் மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரைக்கும் கோச்சிப் பாதை. உலகத்தில் இல்லாத பாதை அது. தேர்தல் மேடைகளில் பலமுறை வந்திருக்கிறது, தரையில்தான் வரவில்லை. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, மருதமுனை, கல்முனை என்று ஸ்டேசன்கள். மட்டக்களப்பு முனை உண்மையான வடக்கில்தான் இருக்க வேண்டும் என்று நீங்கள் பிடிவாதம். "விளையாட்டுக்குச் செஞ்சாலும் திசை பொய்யா இரிக்கப் படா" என்றீர்கள்.

ஸ்டேசன் இருந்தது, சனம் இல்லை. வீட்டுக்குள் உருவம் வைக்கக் கூடாது என்பதில் நாம் இருவரும் ஒரே பேச்சு. ராத்தா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து குனிந்து பார்த்து, "கோச்சி வந்திரிக்கி, ஏறுறதுக்கு ஒரு மனிசன் இல்லியே. ஊரே மௌத்தாப் போச்சா?" என்று கேட்டா. அந்தக் கேள்வி உங்களுக்குச் சுட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை தோல் துண்டில் நெல்மணியளவு செருப்புகள் செய்து பிளாட்போமில் சோடி சோடியாக வைத்தீர்கள். நான் ஒரு குடை செய்து வாங்கில் சாத்தினேன். மருதமுனை ஸ்டேசனில் கட்டிவைத்த சாரன் மூட்டைகள், களுவாஞ்சிக்குடியில் ஒரு மீன் கூடை, கல்முனையில் யாரோ கழற்றி வைத்த தொப்பி. இப்போது பார்த்தவர்களெல்லாம், "ஆக்கள் எங்க போயிட்டாங்க?" என்று கேட்கவில்லை. "இந்தக் குடை ஆருட?" என்று கேட்டார்கள்.

வேலை செய்கிறபோது உங்களுக்கு ஒரு பேச்சு உண்டு. நான் ஆணியைக் கோணலாக அடித்துவிட்டு மேலே கட்டையை வைத்து மறைத்தால் கண்டுபிடித்துவிடுவீர்கள். "தம்பி, பாயின்ஸ்ஸப் பிழையாப் போட்டா என்ன செய்யோணும் தெரியுமா? ஓடிப்போய்ச் செவப்புக் கொடியக் காட்டோணும். வெக்கப்படுறதெல்லாம் பொறகு." நான் ஓம் ஓம் என்று தலையாட்டுவேன். கேட்டுத் தலையாட்டுவது எனக்கு எப்போதும் இலேசு.

ஐந்தாவது வருசம் ஜெமீலாவுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. வேளாண்மை வெட்டி முடிந்ததும் நிக்காஹ். உங்கள் மகளுக்குக் கலியாணம் என்றால் வீடும் அவளுக்கு. முன்னறை மாப்பிள்ளையும் பெண்ணும் இருக்கப்போகிற அறை. நீங்களும் ராத்தாவும் வளவின் பின்பக்கம் கட்டிய சின்ன வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே பதினான்கு அடி மேசை வைத்தால் நீங்கள் இருவரும் மேசைக்குக் கீழேதான் படுக்க வேண்டும். என் வீட்டில் மூன்று ஆண்பிள்ளைகளும் ஒரு தறியும். ஆகவே மேசையைக் கலைப்பது என்று தீர்மானமாகிவிட்டது. கலைக்குமுன் ஒருதரம், ஒரேயொரு தரம், மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குக் கோச்சி முழுப் பாதையும் ஓட வேண்டும். அதுதான் உங்கள் ஆசை.

பாதை முடிந்திருந்தது. மிச்சமிருந்தது கடலுக்கு நீலம் பூசுவதும், றோட்டும், பள்ளியும். பள்ளியை நான் செய்திருந்தேன், தேயிலைப் பெட்டிப் பலகையில். முன்பக்கம் படி, மேலே இரண்டு சின்ன மினாரா, பின்பக்கச் சுவரில் இமாம் முன்னின்று தொழுவிக்கிற மிஹ்ராப் மாடம் வெளியே புடைத்துக்கொண்டு நிற்கிற அந்த வளைவுகூடச் சரியாக வந்திருந்தது. கோச்சிப் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் பள்ளிக்கு இடம் குறித்திருந்தோம். ஒரு வியாழக்கிழமை அசருக்கு முன் நீங்கள் அதைப் பக்குவமாகத் தூக்கி, வாசல் கடல் பக்கம், முதுகு பாதைப் பக்கம் பார்க்க வைத்தீர்கள். நம் ஊர்க் கரையோரப் பள்ளிகள் அப்படித்தானே நிற்கின்றன. பாங்கு சொன்னது. அறையிலேயே பாயை விரித்தீர்கள். "முன்னுக்குக் கோச்சிய வெச்சிட்டுத் தொழுறீங்களே" என்று ராத்தா குசினியிலிருந்து சத்தம் போட்டா.

நான் என் வீட்டில் தொழுதுவிட்டு வந்தபோது நீங்கள் பாயில் இருந்தபடியே மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"தம்பி, இஞ்ச வா."

"என்ன காக்கா?"

"கிப்லா எந்தப் பக்கம்?"

"என்ன கேள்வி இது? இப்பதானே தொழுதீங்க."

"நான் பள்ளியப் பாத்துத் தொழுதன். பள்ளி என்னப் பாத்துத் தொழுவுது."

நான் சிரித்தேன். பிறகு பார்த்தேன். நீங்கள் கிப்லாவுக்கு, மக்கா இருக்கிற மேற்குக்கு, முகம் வைத்து இருக்கிறீர்கள். உங்களுக்கு எதிரே பள்ளியின் மிஹ்ராப் உங்கள் நெற்றிக்கு நேராகப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. பள்ளி கிழக்கே தொழுகிறது.

"திருப்பி வெச்சாச் சரி" என்றேன்.

"திருப்பினா வாசல் பாதைப் பக்கம் வரும். பள்ளியில பிழையில்ல. மட்டக்களப்பில இரிந்து வரக்குள்ள கடல் எந்தப் பக்கம்?"

"இடது கைப் பக்கம்."

"இதில?"

வலது கைப் பக்கம். காத்தான்குடியிலிருந்து கல்முனை வரை ஐந்து வருசமாக நாம் போட்ட பாதை முழுவதும் பக்கம் மாறிக் கிடந்தது. கடல் இருக்க வேண்டிய பக்கத்தில் வயல். வயல் பக்கம் கடல். வெறும் பலகையில் தண்டவாளம் மட்டும் கிடந்தவரை யாருக்கும் தெரியவில்லை. பள்ளி வந்து நின்றதும் தெரிந்துவிட்டது. மேசையை எப்படித் திருப்பினாலும் அது சரிவராது. இடது கால் சப்பாத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் வலது காலுக்குப் போட ஏலாதே, அதுபோல.

நீங்கள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மெதுவாக, யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னீர்கள்:

"வாப்பாக்கும் இப்பிடித்தான் தம்பி துடங்கினது."

உங்கள் வாப்பாவின் கதை எனக்குத் தெரியும். ஐம்பது வயதுக்கு முன்னமே அவருக்கு மறதி வந்தது. முதலில் பெயர்கள், பிறகு வழிகள், பிறகு பிள்ளைகள். ஏறாவூர் ஸ்டேசனில் குடையோடு போய் நின்று, கொழும்பு எந்தப் பக்கம், மட்டக்களப்பு எந்தப் பக்கம் என்று வருகிறவர் போகிறவரை எல்லாம் கேட்பாராம். அவரைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்த பிள்ளை நீங்கள். பள்ளியைத் தூக்கி வைத்த அன்று உங்களுக்கு நாற்பத்திரண்டு வயது. பத்து வருசம் மட்டக்களப்புப் பாதையில் வேலை செய்தவன் கடல் எந்தப் பக்கம் என்று மறந்துவிட்டானே என்று நீங்கள் நம்பிவிட்டீர்கள்.

எனக்கு உண்மை தெரியும். அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

படத்தை நீங்கள் சரியாகத்தான் கீறியிருந்தீர்கள். பெரிய மல் துணியில், மசியால், ஒரு விரற்கடை பிசகாமல். அதை மேசையில் பதிக்கிற வேலை என்னுடையது. உங்கள் உம்மா மௌத்தாகி நீங்கள் ஏறாவூரில் நின்ற நாட்களில், உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நான் தனியே அதைச் செய்தேன். துணியைப் பலகையில் விரித்து, கோடுகளின்மேல் ஊசியால் குத்தி, கரித்தூளைத் தட்டினேன். துணியை விரித்தபோது நல்ல பக்கத்தைக் கீழே போட்டுவிட்டேன். தறியில் கரைக்குப் பூப் போடும்போதும் பேர் போடும்போதும் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். நல்ல பக்கம் கீழே இருக்கும். நெய்கிறவன் பார்ப்பது முதுகுப் பக்கம். கல்முனை என்று எழுதியிருந்தது துணிக்கு ஊடாக இடம் வலம் மாறித் தெரிந்தது. எழுத்து அப்படித் தெரிவதுதான் எனக்குப் பழக்கம். கண் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"காக்கா, பிழை உங்கட இல்ல, என்ட" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இத்தனை வருசம் யோசித்தாயிற்று. பெரிய காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. வெட்கம், அவ்வளவுதான். ஐந்து வருச வேலை. கை இருக்கிறது என்று நீங்கள் சொன்ன கை. நாளைக்குச் சொல்லலாம் என்று வீட்டுக்கு வந்தேன். நாளைக்கு என்பது எட்டு நாளாயிற்று.

அந்த எட்டு நாளும் நீங்கள் விடிந்ததும் கடற்கரைக்குப் போனீர்கள். சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்புகிறதா என்று பார்த்துவிட்டு வந்தீர்கள். ஒருநாள் பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போய், அங்கிருந்து கோச்சியில் ஏறாவூர் போய், ஒரு சாமானும் வாங்காமல் திரும்பினீர்கள். சாப்பாட்டுக்கு முன் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தீர்களாம். மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது ராத்தா உங்களைக் கதைக்க விடாமல் தானே முந்திக்கொண்டு கதைத்தா. "பெண்ணுர வாப்பாக்குப் புத்தி தடுமாறுது எண்டு கேள்விப்பட்டா என்ன நினைப்பாங்க?" என்று என் மனைவியிடம் அழுதிருக்கிறா. மனைவி வந்து என்னிடம் சொன்னா. நான் தறியில் உட்கார்ந்து, அறுந்துபோகாத நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, பள்ளி வாசலில் செருப்பைத் தேடியபோது, உங்களுடைய செருப்பை நீங்கள் காலில் போட்டீர்கள், கழற்றிக் கையில் எடுத்தீர்கள், "இது என்டதானா?" என்று என்னைக் கேட்டீர்கள். உங்கள் முகத்தில் இருந்தது கேள்வி இல்லை, பயம். சின்னப் பிள்ளையின் பயம். நான் ஓடினேன் காக்கா, உண்மையாகவே ஓடினேன். அந்தத் துணியைக் கொண்டுவந்து உங்கள் மேசையில் விரித்தேன். ஊசி போன பக்கத்தையும் வந்த பக்கத்தையும் விரலால் தடவச் சொன்னேன். நூல் பிசிறுகள் உங்கள் மசி இருந்த பக்கம் வெளியே வந்திருந்தன.

நீங்கள் தடவிப் பார்த்தீர்கள். இரண்டு தரம். விளங்கிவிட்டது.

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே."

"துணியப் பெரட்டிப் போட்டது பெரிசில்ல தம்பி. எட்டு நாள் என்ன என்ட வாப்பாவா ஆக்கிப் போட்டாய்."

துணியை நாலாக மடித்து என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டீர்கள். இரண்டு நாள் நீங்கள் என்னோடு கதைக்கவில்லை. அதற்கு எனக்கு ஒரு குறையும் இல்லை. இன்னும் நாலு நாள் கூட்டியிருக்கலாம். ஆனால் அந்த இரண்டு நாளும் நீங்கள் கடற்கரைக்குப் போகவில்லை என்று ராத்தா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்குக் கேட்கும்படி தங்கையிடம் சொன்னா. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் சம்மாந்துறைத் தச்சரிடம் சொல்லிச் செய்வித்த அலுமாரி வண்டியில் வந்து இறங்கியது. ஜெமீலாவின் கலியாணச் சாமான். கதவு முழுக்கக் கண்ணாடி. மேற்குச் சுவரில் மேசை நிற்பதால் அதைக் கிழக்குச் சுவரோடு வைத்தார்கள், கல்முனை ஸ்டேசனுக்கு நேர் எதிரே. சாமான் பார்க்க வந்த பெண்டுகள் எல்லோரும் போனபிறகு ஜெமீலா தனியே நின்று கண்ணாடி பார்த்திருக்கிறாள். மணப்பெண் அல்லவா. திடீரென்று "வாப்பா!" என்று கூப்பிட்டாள். நான் என் வீட்டு முற்றத்தில் நின்றேன். அந்தச் சத்தத்துக்கு நானும் ஓடி வந்தேன்.

"வாப்பா, கோச்சிக்கு முதுகக் காட்டிட்டு நில்லுங்க. இதுக்குள்ள பாருங்க. எல்லாம் சரியா இரிக்கி."

நீங்கள் நின்றீர்கள். நானும் உங்கள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் மட்டக்களப்புப் பக்கம் இடது கையில். முதலில் வயல், பிறகு தண்டவாளம், பிறகு பள்ளி, அதற்கு அப்பால் கடலுக்கு விட்ட இடம். நம் ஊர் றோட்டில் நின்று கிழக்கே பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. பள்ளியின் மிஹ்ராப் நம்மை நோக்கி, மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது.

"சுப்ஹானல்லாஹ்" என்றீர்கள். பிறகு இரண்டு நாளுக்குப் பின் முதல் தடவையாக என் பக்கம் திரும்பி, "பலகையில பேரெல்லாம் மாறித் தெரியுதே, அதுக்கு என்ன செய்யப் போறாய்?" என்று கேட்டீர்கள்.

அதற்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்? தூரிகையை எடுத்து ஐந்து ஸ்டேசன் பெயர்களையும் ஒரே இருப்பில் இடம் வலம் மாற்றி எழுதித் தந்தேன். நீங்கள் ஒவ்வொன்றையும் கண்ணாடியில் பிடித்துப் பார்த்து, மருதமுனையில் ஒரு சுழி குறைகிறது என்று திருப்பித் தந்தீர்கள். குறையவில்லை. நீங்கள் என்னைச் சீண்டினீர்கள். எனக்கு அது தெரிந்தே, இன்னொரு தரம் எழுதினேன்.

நிக்காஹுக்கு நாலு நாள் முன்னர் கோச்சி ஓடியது. கடலுக்கு நீலம் பூசியாயிற்று. அறை நிறையச் சனம், எல்லோரும் கோச்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மாப்பிள்ளையின் வாப்பாவும் வந்திருந்தார். பள்ளி லெப்பை கண்ணாடிக்கு முன் கதிரை போட்டு இருந்தார். கண்ணாடிக்குள் முழுப் பாதையும் விழவில்லை. களுவாஞ்சிக்குடி தாண்டித்தான் தெரியும். அதனால் மட்டக்களப்பில் நீங்கள் சாவியை முறுக்கி விட்டதும் சில்லுச் சத்தம் மட்டும் கேட்டது. களுவாஞ்சிக்குடியில் நான் பிடித்து இன்னொரு முறுக்குக் கொடுத்து விட்டேன். கண்ணாடியின் ஓரத்தில் பச்சை எஞ்சின் தலையை நீட்டியது. கடலை இடது கையில் வைத்துக்கொண்டு, மருதமுனையைக் கடந்து, பள்ளியைக் கடந்து, கல்முனையில் செருப்புச் சோடிகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. லெப்பை எழுந்து, "நம்மட ஊருக்குக் கோச்சி வந்திட்டு" என்றார். நீங்கள் மட்டக்களப்பு முனையிலிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஒரு தரம் அசைத்தீர்கள். எனக்கு அது போதும்.

அடுத்த நாளே நாம் இருவரும் மேசையைக் கலைத்தோம். அழுது வடியவில்லை. மாப்பிள்ளை வருகிற அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு முப்பது வருசத்துக்கு மேல் உங்கள் புத்தி கத்தியாக இருந்தது. யாருடைய காணியில் எந்த வருசம் எத்தனை அவணம் விளைந்தது என்று கேட்டால் சொல்வீர்கள். வாப்பாவின் நோய் உங்களைத் தொடாமல் போய்விட்டது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அது எழுபத்தைந்தைத் தாண்டி வந்தது.

ஒருநாள் லுஹர் தொழுகை முடிந்து நான் வரும்போது, பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில், ஒழுங்கைச் சந்து முனையில் நின்றீர்கள். இரண்டு வளைவு தாண்டினால் வீடு. நாற்பது வருசத்துக்கு மேல் நடந்த வழி. நீங்கள் இந்தப் பக்கமும் பார்த்தீர்கள், அந்தப் பக்கமும் பார்த்தீர்கள். என்னைக் கண்டதும் அந்த முகம் வந்தது. செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டீர்களே, அதே முகம்.

"தம்பி, நான் மறந்திட்டனா?"

"இல்ல காக்கா. நான்தான் ஒழுங்கைய மாத்தி உங்களக் கூட்டி வந்திட்டன்."

நான் உங்களைக் கூட்டி வரவேயில்லை. ஆனால் உங்கள் முகம் அப்படியே தளர்ந்தது. "நீதானா? ஒனக்கு எண்டைக்கு இடது வலது தெரிஞ்சது" என்று சிரித்துக்கொண்டு என் கையைப் பிடித்தீர்கள்.

அன்றிலிருந்து எல்லாம் என் பிழை. மூக்குக்கண்ணாடி காணாமல் போனால் எடுத்து வைத்தவன் நான். தொழுகை நேரம் தவறிப்போய்விட்டதோ என்று நீங்கள் பதறினால் மணிக்கூட்டைப் பிழையாக முடுக்கியவன் நான். ஜெமீலாவின் பேரனை வேறு பெயரால் கூப்பிட்டால், அந்தப் பெயரை உங்களுக்கு மாற்றிச் சொல்லித் தந்தவன் நான். நீங்கள் ஏசுவீர்கள். ஏசி முடித்ததும் நிம்மதியாகத் தேத்தண்ணி குடிப்பீர்கள். கடைசி மாதத்தில் ஒருநாள் ராத்தா கஞ்சிக் கோப்பையோடு வந்து பக்கத்தில் இருந்தா. நீங்கள் என் காதில், "இவ ஆரு?" என்று கேட்டீர்கள். மெதுவாகக் கேட்டதாகத்தான் உங்களுக்கு நினைப்பு. அதை எப்படி என் பிழையாக்குவது என்று எனக்கு ஒரு கணம் தெரியவில்லை. "வெளிச்சம் காணா காக்கா. யன்னலச் சாத்திப் போட்டன், நான்தான்" என்று சொல்லிக்கொண்டு எழுந்து யன்னல் பக்கம் போனேன். ராத்தா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா. நீங்கள் அவவைத் திரும்பப் பார்த்து, "ஓம், இப்ப தெரியுது" என்றீர்கள். தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை.

காக்கா, இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன் போலிருக்கிறது. அன்று எட்டு நாள் பிந்திச் சொன்னேன். இந்த முறை நீங்கள் போய்ப் பதினொரு மாதம் ஆகிவிட்டது. ஒழுங்கையை நான் மாற்றவில்லை. மணிக்கூடு சரியாகத்தான் ஓடியது. பையனின் பெயரை நான் மாற்றிச் சொல்லவில்லை. யன்னல் முன்னமே திறந்துதான் கிடந்தது. மறந்தது நீங்கள்தான் காக்கா, வாப்பாவைப் போலவே.

ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் செய்த பிழைகளை ஒவ்வொன்றாக எண்ணி அல்லாஹ்விடம் மன்னிப்புத் தேடித் தவ்பா கேட்கிறேன். அந்த எட்டு நாளுக்கும் கேட்கிறேன். இந்தப் பொய்களுக்கு மட்டும் இதுவரை கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.